பேர் வெட்டின டிஸ்க்

தப்பு முழுக்க அவன் மேல்தான். இதை மதுரை பஸ் ஸ்டாண்டில் மைக்கைக் கையில் கொடுத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். வாங்கும்போது அம்மா, அம்மா என்று அந்தக் குழை குழைந்தான். இப்போது கடை வாசலில் என் தலை தெரிந்தாலே போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறான். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? நீயே சொல்லு, தங்கச்சி.

அவன் பேரை நான் வாயால் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்குச் சாப்பிட்டது செரிக்காது.

அந்த ஒயர் கூடையை இப்படி என் காலுக்குள் தள்ளு. மெதுவாக, மெதுவாக. மதுரைதானே இறங்குகிறாய்? நல்லதாகப் போயிற்று. இந்த விவகாரத்துக்காக நான் மதுரைக்குப் போவது இது நாலாவது தடவை. கண்டக்டருக்கே பாதிக் கதை தெரியும். நீ முழுசாகக் கேளு.

என் பேர் சீனியம்மாள். அருப்புக்கோட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் கடை, ஷட்டர், லைட்டு எல்லாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் தலையில் எவர்சில்வர் கூடை, தோளில் துணி மூட்டை. 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று தெருத்தெருவாகக் கத்தினவள் நான். பட்டுச்சேலையைக் கையில் வாங்கினால், தடவிப் பார்த்தே ஜரிகை எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவேன். நாலு சேலைக்கு ஒரு குண்டான் கேட்பார்கள். நான் ஒரு கும்பாவில் ஆரம்பிப்பேன். கடைசியில் ஒரு தூக்குவாளியில் வந்து நிற்கும். அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள், நானும் சந்தோஷமாகப் போவேன். வியாபாரம் என்றால் அப்படி இருக்கணும். இவன் செய்தது வியாபாரமா?

இரு, வரிசையாகச் சொல்கிறேன். கோபம் வந்தால் எனக்கு முன்னது பின்னது தெரியாது.

என் மருமகள் பொற்கொடி. மகன் சௌந்தரபாண்டி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அதனால் வீட்டில் நானும் அவளும்தான். நல்ல பெண். ஒரே ஒரு கோளாறு. காலையில் பத்து மணி ஆனால் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுவாள். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டுவிட்டு, வேர்வை ஊற்ற ஊற்ற மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேச்சு. என்ன பேச்சு? பாடப் புத்தகம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசிப்பாள்.

அவள் தம்பி கதிர்வேலுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அவன் சர்க்கார் வேலைப் பரீட்சைக்குப் படிக்கணும் என்று முதலில் வாசித்தாள். அவன் பாஸாகி, தாலுகா ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். அதோடு நிறுத்தினாளா? அவன் சிநேகிதன் கேட்டான், சிநேகிதனின் சிநேகிதன் கேட்டான், இப்போது நூற்று நாற்பது பேர். எல்லாரும் கண் தெரியாதவர்கள். தர்மபுரியில் ஒருத்தன், ராமநாதபுரத்தில் ஒருத்தி. எல்லாருக்கும் போனில் இவள் குரல்தான் வாத்தியார். மூன்று வருஷமாக வாசிக்கிறாள். காசு? அதைக் கேட்காதே. கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான் அதையெல்லாம் கவனிக்கிறது இல்லை. அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் காற்று வரும், அதனால் அங்கே உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுப்பேன். அது தானாகக் காதில் விழுந்தால் நான் என்ன செய்ய? வேலூர்ப் புரட்சி ஆயிரத்து எண்ணூற்று ஆறு. அடிப்படை உரிமை பறிபோனால் சரத்து முப்பத்திரண்டு. இதெல்லாம் எனக்கு எதற்கு? ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் பாதியில் அவள் நிறுத்தினால் மட்டும் கொட்டை எடுக்கிற கை ஓடாது. அடுத்து என்ன ஆச்சோ என்று இருக்கும்.

ஆரம்பத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை. பாத்திர வியாபாரி வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்க முடியுமா? குடோனும் வீட்டோடுதான். ஒரு அண்டா உருண்டால் அவள் ஒரு பாடத்தை முதலிலிருந்து வாசிக்கணும். "அத்தை, ஒரு அரை மணி நேரம்" என்பாள். "ஏம்மா, ஒன் பாடத்துக்காக நான் பாத்திரத்தைப் பஞ்சுல செய்யவா?" என்பேன். அப்புறம் அவளும் விட்டுவிட்டாள், சத்தத்தோடேயே வாசித்துவிடுவாள். ஒரு நாள் ராமநாதபுரத்துப் பெண் போன் பண்ணியிருக்கிறாள். "அக்கா, சிந்துவெளிப் பாடத்துல ஒரு அம்மா 'அடுப்ப அணைச்சியா இல்லையா'ன்னு கத்துறாங்கல்ல, அவங்க நல்லா இருக்காங்களா?" என்று விசாரிப்பு. அந்தச் சத்தம் வந்ததும் அவளுக்கு ஹரப்பா ஞாபகம் வந்துவிடுமாம். என்ன பிள்ளைகளோ. அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன் என்று பொற்கொடி சொன்னாள். பசித்தது, சாப்பிட்டேன்.

இந்தக் குரலையெல்லாம் எங்கே வைப்பது? அதற்கு மகன் ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். நாலு செங்கல்லை அடுக்கினால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். வீட்டு நெட்டில் அது பாட்டுக்குச் சொருகிக் கிடக்கும். அதில் இருக்கிற பாடத்தை அவள் கம்ப்யூட்டரும் எடுக்கலாம், போனும் எடுக்கலாம், ராமநாதபுரமும் எடுக்கலாம். பொது அலமாரி என்று வைத்துக்கொள். உள்ளே டிஸ்க் சொருக நாலு பொந்து. இரண்டில் டிஸ்க் இருந்தது, இரண்டு காலி.

"ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே விஷயம்தாம்மா இருக்கும்," என்று அவன் அப்போதே சொன்னான். "இதுல எழுதுறதெல்லாம் அதுலயும் எழுதிக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும்."

நான் கேட்டேன், "அப்போ ரெண்டுக்குக் காசு குடுத்துட்டு ஒண்ணைத்தான் அனுபவிக்கிறோமா?"

"அது பாதுகாப்பும்மா."

"யாருக்குப் பாதுகாப்பு? வித்தவனுக்கா?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே மாதிரி இரண்டு குத்துப்போணிப் பாத்திரம் வாங்கி ஒன்றைக் கவிழ்த்தே வைத்திருப்பாயா நீ?

சரி, அது போகட்டும். போன சித்திரையில் அந்தப் பெட்டி நிரம்பிவிட்டது. அவள் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். "இடமே இல்லைப்பா. ஆறாம் வகுப்ப அழிச்சாத்தான் புதுப் பாடம் ஏத்த முடியும்." எனக்குத் திக்கென்றது. சிந்துவெளி ஆறாம் வகுப்புதானே.

மகனைப் போனில் கூப்பிட்டேன். அவன் சொன்னான், "அழிக்க வேணாம்மா. அதே அளவுல இன்னொரு டிஸ்க் வாங்கிக் காலிப் பொந்துல சொருகச் சொல்லு. மூணையும் சேர்த்துக் கட்டிட்டா இடம் ரெட்டிப்பாயிடும். ஒண்ணு செத்தாலும் மத்த ரெண்டும் காப்பாத்தும். மிச்சத்தை நான் இங்க இருந்தே பாத்துக்குவேன்."

"நானே வாங்கிட்டு வர்றேன்," என்றேன்.

"நீயா?"

"ஏன், நான் வாங்கினா டிஸ்க்கு சுத்தாதா?"

"சரிம்மா. டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற சீட்டைப் போட்டோ எடுத்துக் கடையில காட்டு. உள்ள இருக்கிறதை மட்டும் அசைக்காத."

அந்த வாரம் அவள் திருச்சியில் ஒரு விடுதிக்கு மூன்று நாள் வகுப்பெடுக்கப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் வாங்கிப் போட்டுவிடணும் என்று நினைத்தேன். சொல்லிக்காட்ட இல்லை. சும்மா, இருக்கட்டுமே என்று.

போட்டோவை நம்பி நான் சாமான் வாங்கினதே கிடையாது. போட்டோவில் எல்லாக் குடமும் மின்னும். மாதிரி கொண்டு போய்த்தான் வாங்கணும். கையில் மாதிரி இருந்தால் ஒரு கடைக்காரனும் வாலாட்ட முடியாது. அதனால் ஒரு டிஸ்க்கை உருவி முறுக்குச் சுற்றுகிற துணியில் சுற்றி, இதே கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பெட்டி பீப் பீப் என்று கத்தியது. ரெண்டு தடவை கத்திவிட்டு ஓய்ந்துவிட்டது.

மதுரையில் அவன் கம்ப்யூட்டர் கடை. அவன்தான், பேர் சொல்ல மாட்டேன் என்றேனே. ஐயாயிரத்து எண்ணூறு என்றான். நாலாயிரம் என்றேன். "அம்மா, இது தேங்கா இல்லம்மா" என்றான். "தேங்காய்னா தட்டிப் பாத்தாவது வாங்குவேன், இதைத் தட்டக்கூட முடியாது, அதுக்கே நீ குறைக்கணும்" என்றேன். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது. இரண்டு தடவை படி இறங்கினேன், இரண்டு தடவையும் கூப்பிட்டான். ஐயாயிரத்து நூறுக்கு வந்து ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டான். கொசுறு கேட்டேன். கம்ப்யூட்டர் துடைக்கிற துணி ஒன்று கொடுத்தான்.

அப்போதுதான் அந்த வார்த்தையை விட்டான். "அந்தப் பழசைக் குடுத்தீங்கன்னா ஆயிரத்து இருநூறு கழிச்சுக்கலாம்."

தங்கச்சி, முப்பது வருஷம் நான் அடுத்தவர்களிடம் சொன்ன வார்த்தை அது. என்னிடம் ஒருத்தன் சொல்கிறான். கை துறுதுறு என்கிறது. வீட்டில் இருக்கிற இன்னொன்றிலும் இதே விஷயம்தான் இருக்கிறது, மகனே சொன்னான். கவிழ்த்து வைத்த குத்துப்போணிக்கு ஒருத்தன் ஆயிரத்து இருநூறு தருகிறேன் என்கிறான். யார் விடுவாள்? ஆயிரத்து ஐந்நூறு கேட்டு, ஆயிரத்து நானூறில் முடித்தேன்.

"உள்ள எதாச்சும் வேண்டியது இருக்காம்மா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் வீட்ல இன்னொண்ணுல இருக்கு. நீ பில்லைப் போடு."

ஒரு சீட்டை நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். கேட்கிறவன் ஒழுங்காகக் கேட்டானா? 'அம்மா, நல்லா யோசிச்சுக்கோங்க, மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க' என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லையா? இதுதான் துரோகம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சொருகுவதற்கு முன்னால் பேர் வெட்டணும் இல்லையா? எங்கள் கடையில் பேர் வெட்டாமல் ஒரு டம்ளர்கூட வெளியே போகாது. நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தது இல்லை. எனக்கு எழுத்து வந்ததே அந்தப் பேர் வெட்டுகிற மெஷினால்தான். ஊர்க்காரர்கள் பேரையெல்லாம் வெட்டி வெட்டித்தான் அ, ஆ பழகினேன். இன்றைக்கும் வாசிக்கச் சொன்னால் திணறுவேன், வெட்டச் சொன்னால் முத்து முத்தாக விழும்.

புது டிஸ்க்கில் 'பொற்கொடி' என்று வெட்டினேன். எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலும் 'சீனி' என்றுதான் இருக்கும். அவள் கல்யாணத்துக்கு வந்த சீரில்கூட நான் 'சீனி' என்றுதான் வெட்டினேன். இதில் அவள் பேர். காசு என்னுடையது, என் பேரையே வெட்டியிருக்கலாம். மெஷினைப் பிடித்தபோது கையில் அவள் பேர்தான் வந்தது. அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

அப்புறம் யோசித்தேன், வீட்டில் மிச்சம் இருக்கிற பழசு மட்டும் என்ன பாவம் பண்ணியது? அதையும் பெட்டியிலிருந்து உருவினேன். அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி சூடு. உள்ளே எதுவோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது போல, கைக்குள் துடித்தது. மேஜையோடு சேர்த்து ஒரு அழுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மெஷினை வைத்தேன். அது ஒரு பக்கம் விர்ரென்கிறது, இது ஒரு பக்கம் விர்ரென்கிறது. ஆனாலும் எழுத்து கோணவில்லை, பார்த்துக்கொள். கொம்பும் காலும் அச்சடித்த மாதிரி. இரண்டையும் அதனதன் பொந்தில் சொருகினேன். இரண்டிலும் விளக்கு எரிந்தது.

சாயங்காலம் மகன் பேசினான். அவனுக்கு அங்கே போனிலேயே எல்லாம் தெரியும். "அம்மா, டிஸ்க் ஒண்ணு போயிருச்சு போலிருக்கே. நல்லவேளை, புதுசு வந்துச்சு. முதல்ல அதுல ஒரு காப்பி எடுக்கச் சொல்லிட்டேன். விடிஞ்சா முடிஞ்சிரும். பெட்டியைத் தொடாத."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவன் ஒன்று போய்விட்டது என்றான். போனது உண்மைதானே?

மறுநாள் காலையில் பாதிக்கு மேல் காப்பி ஆகிவிட்டது என்றான். பத்து மணி இருக்கும், பெட்டிக்குள் டக், டக் என்று சத்தம். எனக்குச் சத்தம் தெரியும், தங்கச்சி. விரிசல் விட்ட பாத்திரத்தைச் சுண்டினால் ஒரு சத்தம் வருமே, ஜீவன் இல்லாத சத்தம், அது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. விளக்கு சிவப்பானது. மஸ்கட்டிலிருந்து போன் வந்தது.

பழசு செத்துவிட்டது. புதுசில் பாதிக் காப்பி, அந்தப் பாதியைத் திறக்க வழி இல்லையாம். மூன்று வருஷம். அறுநூற்றுச் சொச்சம் பாடம்.

மூன்று வருஷம் மூச்சு விடாமல் ஓடின டிஸ்க் அது. என்றைக்கும் நோய் நொடி கிடையாது. அவன் கடைச் சாமான் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மறுநாளே செத்துப்போனது என்றால் என்ன அர்த்தம்? நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அன்றைக்குச் சாயங்காலம் பொற்கொடி திருச்சியிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மகன் போனில் சொல்லச் சொல்ல இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்தாள்.

"இன்னொரு பழசு எங்க அத்தை?"

"கடைக்காரன் வாங்கிக்கிட்டான்."

"வாங்கிக்கிட்டானா?"

"ஆமா. எக்ஸ்சேஞ்சு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. செத்த டிஸ்க்கைத் திருப்பினாள். அதில் வெட்டின பேரை விரலால் தடவினாள். பொ... ற்... கொ... அந்தக் கண் தெரியாத பிள்ளைகள் தடவுவார்களே, அப்படி. ரொம்ப நேரம் தடவினாள். நான் நினைத்தேன், பரவாயில்லை, எழுத்து நன்றாக விழுந்திருக்கிறதைத்தான் பார்க்கிறாள் என்று.

"எப்ப அத்தை வெட்டினீங்க இதை?"

"நேத்து மத்தியானம். ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு அத்தை," என்றாள். அப்புறம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி மகன் கத்துகிறான். பழசை விற்றேன் என்று தெரிந்ததும் அம்மா என்றுகூடப் பார்க்காமல் கத்துகிறான். அவள் போனை என் காதிலிருந்து எடுத்தாள். "விடுங்க. வெயில்ல சூடேறிப் போயிருச்சு. அத்தை எனக்காகத்தான போனாங்க," என்றாள். வெயிலாவது ஒன்றாவது. அவளுக்கே விஷயம் புரியவில்லை. நான் திருத்தப் போனேன். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். சரி, புருஷன் பொண்டாட்டி பேச்சு, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

செத்ததைச் சென்னைக்கு அனுப்பினோம். திறந்து பார்க்கிற இடம் இருக்கிறதாம். பத்து நாள் கழித்து அங்கேயிருந்து ஒருத்தன் போன் பண்ணினான். உள்ளே தட்டெல்லாம் கீறல், சுற்றிக்கொண்டிருக்கும்போது பலமாக அதிர்ந்திருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்றான். அதிர்வாம். எங்கள் தெருவில் நாளெல்லாம் லாரி போகிறது, முனிசிபாலிட்டியில் சொன்னால் கேட்கிறார்களா?

அப்போ என்ன மிச்சம்? கடைக்காரனிடம் இருக்கிற அந்தப் பழசு ஒன்றுதான். அதில் எல்லாம் அப்படியே இருக்கும். நேராகப் போய் நின்றேன்.

"ஏய்யா, அன்னிக்கு நான் குடுத்த பழசை எடு."

"அது சனிக்கிழமையே போயிருச்சேம்மா. கேமரா மாட்டுறவர் வந்து கட்டோட எடுத்துட்டுப் போயிட்டார்."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"நீங்க வித்தீங்க, நான் வாங்கினேன். நான் வித்தேன், அவர் வாங்கினார். இதுல யாரைக் கேக்கணும்?"

"நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ரெண்டாயிரத்துப் பத்தொம்பது என்ன சொல்லுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்மா. ஆனா இதுல வித்தது நீங்க."

சட்டத்தில் அதற்கு மேல் என் காதில் விழுந்ததில்லை. அந்தப் பாடம் வாசித்த அன்றைக்குக் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. சட்டம் பேசினால் மடங்குவான் என்று பார்த்தால், அவன் அந்தச் சீட்டை எடுத்து நீட்டுகிறான். என் கையெழுத்து. அதோடு நின்றானா? "பாத்திரக் கடைம்மாதான நீங்க? பழசைப் போட்டுட்டுப் போனவங்க மறுநாள் வந்து அழுதா நீங்க திருப்பிக் குடுப்பீங்களா?" என்று கேட்டான். நாலு பேர் முன்னால்.

கேட்கலாமா? என் தொழிலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? ஒரு தடவை பாலவனத்தத்தில் ஒரு பெண் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடி வந்தாள். அவள் மாமியார் தெரியாமல் பழைய பட்டுச்சேலையைப் போட்டுவிட்டாளாம். செத்துப்போன அம்மாவின் சேலையாம், பாத்திரத்தை வைத்துக்கோங்க, கூடக் காசும் தருகிறேன், சேலையைக் கொடுங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கை மாறினது மாறினதுதான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பின்னே? ஒருத்திக்குத் திருப்பினால் ஊரே வந்து நிற்கும். தொழில் என்றால் நெஞ்சைக் கல்லாக்கணும்.

ஏன் தங்கச்சி அப்படிப் பார்க்கிறாய்? அது வேறே, இது வேறே. அது சேலை.

மூன்றாவது தடவை போனபோது சத்தம் போடவில்லை. கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் உட்கார்ந்தவள் மூன்று மணி வரைக்கும் எழவில்லை. வருகிற கிராக்கிக்கெல்லாம் கதையைச் சொன்னேன். அப்புறம்தான் அவன் கேமராக்காரனுக்குப் போன் போட்டான். மொத்தம் பதினோரு டிஸ்க்காம். எட்டைக் கேமராவோடு மாட்டியாகிவிட்டது. மாட்டினதில் பழசு எல்லாம் அழிந்து, யார் வீட்டு வாசலோ, மாட்டுத் தொழுவமோ, அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மட்டும் அவன் வீட்டில் சும்மா கிடக்கிறதாம். வியாழக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், வந்து பாருங்கள் என்றான். இன்றைக்கு வியாழன்.

கூடையில் என்ன என்று கேட்டாயே, பெட்டிதான். மூன்றையும் அங்கேயே சொருகிப் பார்க்கணும். என்னுடையது எது என்று எனக்கே தெரியாது. எல்லாம் ஒரே சாம்பல் கலர். அதில் மட்டும் பேர் வெட்டாமல் போனேனே என்று அடித்துக்கொள்கிறேன்.

பதினொன்றில் மூன்று. எனக்குக் கணக்குத் தெரியும். நான் அவளிடம் சொல்லவில்லை. பாத்திரம் எடுக்கப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். அவள் முறுக்குக் கட்டிக் கொடுத்தாள்.

அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? திருச்சியிலிருந்து வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு உள்ளறைக்குள் போனாள். கம்பளியைத் தொங்கவிட்டாள். ஃபேனை நிறுத்தினாள். "ஆறாம் வகுப்பு, சமூக அறிவியல், முதல் பருவம், பாடம் ஒன்று" என்று குரல் கேட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பரீட்சைக்கு நாற்பது நாள் இருந்தது. இப்போது பத்தொன்பது. போனில் வைத்திருந்த பாடத்தை ஆளுக்கு இரண்டு மூன்று என்று திருப்பி அனுப்பினார்கள். போனில் இடமில்லை என்று கேட்டு முடித்ததும் அழித்துவிடுவார்களாம். எல்லாம் சேர்த்து எண்பது தேறவில்லை. மிச்சத்தை இவள் வாசிக்கிறாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். தொண்டை கட்டிப்போய், பாத்திரம் விளக்குகிற நார் மாதிரிக் குரல். மிளகுப் பால் வைத்துக் கதவைத் திறந்தால், "தேங்க்ஸ் அத்தை" என்கிறாள்.

ஒரு வார்த்தை திட்டினாளா? திட்டியிருந்தால் நானும் நாலு திட்டியிருப்பேன், முடிந்திருக்கும். என்னோடு சண்டை போடத் தெரியாதவள் என்றா நினைக்கிறாய்? கல்யாணமான புதிதில் ஒரு கரண்டிக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தவள். இப்போது சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, இதுதான் பேச்சு. எனக்கு அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. குடோனில் பாத்திரத்துக்கெல்லாம் சாக்கு விரித்துவிட்டேன், ஒரு டம்ளர் சத்தம் கிடையாது. கடையைக்கூட மத்தியானமே சாத்திவிடுகிறேன். வியாபாரம் டல், அதனால்தான். சத்தமே இல்லாத வீட்டில் அவள் குரல் மட்டும் கரகர என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆரம்பித்த இரண்டாம் நாளே சிந்துவெளி வாசித்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்துவிட்டதா? மண்டேலா நகர் தாண்டியாச்சா? சரி, கூடையை எடு, நான் பிடித்துக்கொள்கிறேன்.

மூன்றில் ஒன்றாக அது கிடைத்தால் நல்லது. கிடைக்காமல் போனால் அவனை நான் விடப்போவதில்லை. அவன் ஷட்டரைப் பூட்டச் சொல்லிவிட்டு இதே பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். வந்து அந்த உள்ளறைக் கதவைத் தட்டணும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, 'அம்மா, நான் யோசிக்காமப் பண்ணிட்டேன், தப்பு என்னுது, மன்னிச்சிரு' என்று சொல்லணும். யாராவது ஒருத்தர் அவளிடம் அதைச் சொல்லியே ஆகணும், தங்கச்சி. சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. நானா சொல்ல முடியும்? நான் என்ன பண்ணினேன்? அவன்தான் வரணும். பஸ் காசு நான் போடுகிறேன். ஒரு நாள் வியாபாரம் கெடுகிறது என்பான், அதையும் தருகிறேன். அவன் என்ன விலை சொன்னாலும் சரி, ஒரு பைசா குறைக்கச் சொல்ல மாட்டேன். வந்து சொல்லட்டும்.